பற்கடிப்பும் பதகளிப்பும்

எம்மவரிடையே மனம் பற்றிய பேச்சு பெரும்பாலும் உடம்பின் பெயராலேயே தொடங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, தலை விறைக்கிறது, கை கால் உளைகிறது, கண்ணை மூடினால் நித்திரை இல்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராகக் கடமையாற்றிய தயா சோமசுந்தரம், 1998இல் வெளியான 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற நூலிலும் பின்னர் எழுதிய கட்டுரைகளிலும், துயரமும் பயமும் உடல் முறைப்பாடுகளாக வைத்தியரிடம் வந்து சேர்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். இது தமிழருக்கு மட்டும் உரிய குணமல்ல. ஆனால் 'விசர்' என்ற ஒரே சொல்லால் எல்லா மனநோயையும் மூடிவிடுகிற ஒரு சமூகத்தில், தலையிடியை முன்னே அனுப்பிவைப்பது மானம் காக்கும் வழியாகவும் இருக்கிறது.

இந்த முறைப்பாட்டுப் பட்டியலில் பல் இடம்பெறுவது குறைவு. நித்திரையில் பல்லை நறுமுகிறவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை என்பது ஒரு காரணம். பக்கத்தில் படுப்பவருக்கே அது கேட்கும். தனி அறையில் வாழ்கிறவருக்குச் சொல்ல ஆளில்லை. பிறகொரு நாள் கடைவாய்ப் பல் வெடிக்கும், அல்லது விடியற்காலையில் வாயைத் திறக்கமுடியாதபடி தாடை இறுகியிருக்கும். பல் வைத்தியர் வாய்க்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, தேய்ந்த பல்நுனிகளைக் கண்டு, "உங்களுக்கு மனநெருக்கீடு ஏதும் உண்டா?" என்று கேட்பார். எடிசனிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள எங்கள் ஆட்களிற் பலர் தம் மனநிலை பற்றி ஒரு வைத்தியரிடமிருந்து எதிர்கொள்ளும் முதற் கேள்வி இதுவாகவே இருக்கக்கூடும். மனநல வைத்தியரிடம் போகாதவரும் பல் நொந்தால் பல் வைத்தியரிடம் போவார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் என்ன? பல் வைத்தியர் நம்புவது போலவோ, நாங்கள் எங்கள் கவிதைகளில் எழுதுவது போலவோ அது அவ்வளவு நேரானதாக இல்லை.

மொழியிலிருந்து தொடங்கலாம். தமிழில் பல்லைக் கடிப்பது கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது பொறுமை. ஒரே தசையின் ஒரே அசைவுக்கு இரண்டு எதிரான அர்த்தங்கள். தமிழ் விவிலியத்தில் 'பற்கடிப்பு' நரகத்தோடு சேர்ந்து வருகிறது. வீடுகளிலோ, பிள்ளை இரவில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று பூச்சிமருந்து கொடுப்பார்கள். இவை மூன்றும் மூன்று நோய்க்காரணக் கொள்கைகள் என்று சொன்னால் மிகையல்ல: அடக்கிய ஆத்திரம், தண்டனை, ஒட்டுண்ணி. மேற்கின் மருத்துவமும் இவற்றைவிட அதிக மேன்மையான பாதையில் நடக்கவில்லை.

1907இல் பாரிஸில் மரி, பியெற்கியெவிச் என்ற இருவர் இதற்கு 'புறுக்ஸோமானி' என்று பெயரிட்டார்கள். பல்லைக் கடிக்கும் பித்து என்று பொருள். 1931இல் ஃப்ரோமன் என்பவர் பல் வைத்தியத்துக்கு உளச்சிகிச்சையைப் பரிந்துரைத்து எழுதியபோது 'புறுக்ஸிசம்' என்ற இன்றைய சொல் புழக்கத்துக்கு வந்தது. உளப்பகுப்பாய்வு செல்வாக்கோடு இருந்த காலம் அது. வாய் வழியான ஆக்ரோஷம், வெளிப்படுத்தமுடியாத பகைமை என்ற விளக்கங்கள் தாராளமாகக் கிடைத்தன. மறுபுறத்தில், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாததே காரணம் என்று இன்னொரு முகாம் நின்றது. 1961இல் மிச்சிகனில் றம்ஃபியோட் தசை மின்பதிவுகளை வைத்து, பொருத்தத்தைச் சீராக்கினால் கடிப்பு நிற்கும் என்றார். அதன் பின் எத்தனையோ பேரின் ஆரோக்கியமான பற்கள் பொருத்தத்தின் பேரால் அராவப்பட்டன. அந்தக் கொள்கை பின்வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை. அராவிய பல் திரும்ப வளரவுமில்லை.

1970களில் கலிபோர்ணியாவில் சொல்பேர்க், றூ முதலானோர் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய சிறு மின்பதிவுக் கருவிகளைக் கொண்டு, நெருக்கடியான பகலுக்குப் பின் வரும் இரவில் தாடைத் தசை அதிகம் இயங்குவதாகக் காட்டினார்கள். பல் வைத்தியர்கள் இன்றும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இந்தக் காலத்திலிருந்து வருவது. ஆனால் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலர். 1995இல் பியேர்ஸும் கூட்டாளிகளும் 100 பேரைப் பதினைந்து இரவுகள் பதிவு செய்து, ஒவ்வொருவரும் அன்றன்று உணர்ந்த நெருக்கீட்டோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. தனித்தனியே பார்த்தபோது எட்டுப் பேரிடம் மட்டுமே இருந்தது. அந்த எட்டுப் பேர் முக்கியமானவர்கள்தான். ஆனால் மற்றைய தொண்ணூற்றிரண்டு பேரின் பல்லை யார் கடிக்க வைத்தது?

இதற்கான விடை நித்திரை ஆய்வுகூடங்களிலிருந்து வந்தது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஷில் லவீனும் அவரோடு வேலைசெய்த கற்றோ முதலானோரும் 1990களிலிருந்து செய்த பதிவுகள் ஒரு வரிசையைக் காட்டின. நாம் எல்லோரும் இரவில் பலதடவை, மூன்று செக்கன் முதல் பத்துப் பதினைந்து செக்கன் வரை, விழித்தோம் என்று அறியாமலே சற்று விழிக்கிறோம். பற்கடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பரிவுப் பகுதி உசாராகிறது. ஏறக்குறைய நாலு செக்கனுக்கு முன் மூளை அலைகள் வேகம் கொள்கின்றன. ஒரு செக்கனுக்கு முன் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதன் பின்பே தாடை அசைகிறது, செக்கனுக்கு ஒருமுறை என்ற சீரான தாளத்தில். பற்கடிப்பு இல்லாதவர்களிலும் ஏறக்குறைய 60 விழுக்காட்டினரிடம் இந்தத் தாளம் பல் உரசாமல், சத்தமில்லாமல் நடக்கிறது. ஆகவே இரவுப் பற்கடிப்பு என்பது எல்லோரிடமும் உள்ள ஒரு சாதாரண இயக்கத்தின் மிகை. 2018இல் வெளியான சர்வதேச இணக்க அறிக்கை இன்னும் ஒரு படி போய், வேறு நோயில்லாத ஒருவரில் அதை நோய் என்றே கொள்ளவேண்டியதில்லை, ஒரு தசைச் செயற்பாடு என்று மட்டும் கொள்ளலாம் என்கிறது.

இங்கேதான் எங்களுக்கு ஏமாற்றம். 'அகதி நித்திரையிலும் பல்லைக் கடிக்கிறான்' என்பது நல்ல ஒரு வரி. அதை யாரும் எந்தச் சஞ்சிகையிலும் எழுதலாம். ஆனால் 2001இல் ஓஹயோன் முதலானோர் பிரித்தானியா, ஜேர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளில் 13,057 பேரிடம் தொலைபேசியில் நடத்திய ஆய்வு என்ன சொல்கிறது? வாரத்துக்கு ஒருமுறையாவது பல்லைக் கடிப்பவர்கள் 8.2 விழுக்காடு. மிகுந்த நெருக்கீட்டில் வாழ்வதாகச் சொன்னவர்களுக்கும் பதகளிப்பு நோய் உள்ளவர்களுக்கும் அதற்கான சாத்தியம் ஏனையோரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு. அதிகமாகக் கோப்பி குடிப்பவர்களுக்கு 1.4 மடங்கு. நித்திரையில் மூச்சுத் தடைப்படுபவர்களுக்கு 1.8 மடங்கு. அதிகமாக மது அருந்துபவர்களுக்கும் 1.8 மடங்கு.

அதாவது இரவுப் பல்லைப் பொறுத்தவரை, புகலிட வாழ்வின் துயரத்தைவிட அந்தத் துயரத்துக்காகக் குடித்த விஸ்கி கூடுதலாகக் கணக்கில் வருகிறது. எங்கள் இலக்கியச் சந்திப்புகள் எந்த மணிக்கு, எந்தத் திரவத்தோடு முடிகின்றன என்பதை இவ்விடத்தில் விரித்துரைக்கத் தேவையில்லை. குறட்டையும் அப்படித்தான். கழுத்துத் தடித்த, பகலில் தூங்கி விழுகிற ஒருவரை நெருக்கீடு என்று சொல்லி அனுப்பிவிட்டால், சிகிச்சை உள்ள ஒரு மூச்சுக்கோளாறு பல வருடம் கவனிக்கப்படாமல் கிடக்கும். மனதைக் காரணமாக்குவது எப்போதும் மனிதாபிமானம் ஆகிவிடாது.

அப்படியானால் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் அது கூடுதலாகப் பகலில் இருக்கிறது.

மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடும் நேரம், சாப்பிடுவதும் விழுங்குவதும் சேர்த்து, ஒரு நாளில் இருபது நிமிடமளவே என்பது பல் வைத்தியத்தில் நெடுங்காலமாகக் கையாளப்படும் ஒரு கணக்கு. மற்றைய நேரமெல்லாம் உதடு மூடியிருக்கும், பல் விலகியிருக்கும். இதை வாசிக்கும் இக்கணத்தில் உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரோட்டும்போது, கணினித் திரையை வெறித்திருக்கும்போது, தொலைபேசியில் ஊரிலிருந்து வரும் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பல்லோடு பல்லை அழுத்தி வைத்திருப்பதே பகற்கடிப்பு. சத்தம் கிடையாது. தேய்மானமும் அதிகமில்லை, தசை நோவும் தலையிடியும்தான். 2009இல் மன்ஃபிரெடினியும் லொபெசூவும் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பதகளிப்பு, மனச்சோர்வு போன்ற உளக்காரணிகள் இந்தப் பகல் அழுத்தத்தோடு தொடர்புபடுவதாகவும், நித்திரையில் நடப்பதோடு அப்படியான உறுதியான தொடர்பு பதிவாகவில்லை என்றும் எழுதினார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததே நூறு வருடக் குழப்பத்தில் பாதிக்குக் காரணம்.

மற்றப் பாதிக்குத் தமிழிலும் ஒரு பங்கு உண்டு. தமிழகத்துப் பத்திரிகைகளில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல் நெருக்கீட்டையும் குறிக்கிறது, மனச்சோர்வையும் குறிக்கிறது. வேலை கூடியவரும் மன அழுத்தம், சாக நினைப்பவரும் மன அழுத்தம். யாழ்ப்பாணத்து மனநலப் பணியாளர்கள் நெருக்கீடு, பதகளிப்பு, மனச்சோர்வு, மனவடு என்று நான்காகப் பிரித்துப் புழங்கினார்கள். போரின் நடுவே, மருந்துத் தட்டுப்பாட்டுக்கிடையே உருவான சொற்கள் இவை. புகலிடத்தில் இவை மெல்ல மறைந்து, எல்லாம் 'ஸ்ரெஸ்' ஆகிவிட்டன. பல் வைத்தியரிடம் போகும்போது இந்தப் பிரிவினை பயன்படும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்ற ஓயாத எதிர்பார்ப்பே பதகளிப்பு. பகலில் தாடையை இறுக்குவதோடு கிட்ட நிற்பது அது.

எதிர்பார்த்திருத்தல் என்பது நியூ ஜேர்சியில் ஒரு சட்ட நிலையும்கூட. எடிசனிலிருந்து சிறிது நேரக் கார்ப்பயணத்தில் எலிசபெத் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பண்டகசாலையை மாற்றியமைத்து, தஞ்சம் கோருவோரைத் தடுத்து வைத்தார்கள். தனியார் கொம்பனி நடத்திய அந்த இடத்தில் 1995 ஜூனில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்கள் கலகம் செய்தார்கள். மூடப்பட்டு, 1997இல் வேறொரு கொம்பனியின் கையில் திரும்பத் திறந்தது. 2003இல், நியூயோர்க்கில் பெல்வியு வைத்தியசாலையோடு இயங்கும் சித்திரவதையிலிருந்து தப்பியோருக்கான நிகழ்ச்சித் திட்டமும் மனித உரிமைகளுக்கான வைத்தியர் அமைப்பும், நியூயோர்க், நியூ ஜேர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் தடுப்பில் இருந்த 70 தஞ்சக் கோரிக்கையாளரைப் பரிசோதித்த ஆய்வை வெளியிட்டன. 86 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள், 77 விழுக்காட்டினரிடம் பதகளிப்பு, 50 விழுக்காட்டினரிடம் மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோயின் அறிகுறிகள். தடுப்பு நீள நீள நிலை மோசமானது, விடுதலையானோரில் குறைந்தது. அந்த ஆய்வு பல்லைப் பற்றியதல்ல. ஆனால் பகலில் தாடையை இறுக்கும் காரணி எங்கே உற்பத்தியாகிறது என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு ஒரு விலாசம் உண்டு.

போரையும் தாடையையும் நேராக இணைத்துப் பார்த்தவர்கள் குரோசியர்கள். 2000களில் றியெக்கா நகரத்து ஆய்வாளர் போர்க்களம் கண்ட முன்னாள் படையினரையும் போர்க்கைதிகளையும் பரிசோதித்தபோது, தாடை மூட்டு நோவும் மெல்லும் தசைகளின் நோவும் மற்றவர்களைவிட அவர்களிடம் தெளிவாக அதிகமாக இருந்தன. எங்கள் போர் பற்றி இத்தகைய ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. எங்களிடம் தலை எண்ணிக்கையே இன்னும் தகராறில் இருக்கிறது, பல்லை யார் எண்ணுவது?

எடிசன் என்ற ஊர்ப்பெயரே இந்த விஷயத்தில் ஒரு பகிடி. 1876இல் தோமஸ் எடிசன் தன் ஆய்வுகூடத்தை நிறுவிய மென்லோ பார்க் இந்த நகரசபைக்குள்தான் இருக்கிறது. 1879 டிசம்பர் 31ஆம் திகதி இரவு, ரயிலேறி வந்த சனத்துக்கு மின்குமிழ் வெளிச்சத்தைக் காட்டியது அங்கேதான். நித்திரையை வீண் செலவாகக் கருதிப் பேசிவந்த மனிதர் அவர். றரிற்றன் என்றிருந்த ஊர் 1954இல் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. இன்று றரிற்றன் சென்ரரின் பண்டகசாலைகளில் இரவு முறை வேலை. 1949ஆம் வருடச் சட்டத்தின்படி வண்டியோட்டுபவர் தானே பெற்றோல் நிரப்பக்கூடாத இம்மாநிலத்தில், இரவு முழுக்க நின்று நிரப்பிக் கொடுப்பவர்களில் எத்தனையோ பேர் தெற்காசியர். பகலில் கலைந்த நித்திரை, விழித்திருக்கக் கோப்பி, கோப்பியின் விளைவை முறிக்க மது. ஓஹயோன் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஓக் ற்றீ வீதியின் கடைகளுக்குப் பின்னால் வாழ்கிறது. நெருக்கீடு நேரே பல்லைக் கடிக்க வைக்கவில்லை என்பதும், நெருக்கீட்டால் பிறந்த வாழ்க்கைமுறை கடிக்க வைக்கிறது என்பதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. 2021 மார்ச்சில் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கத்தின் கருத்துக்கணிப்பில், கொள்ளைநோய்க் காலத்தில் பற்கடிப்பு அதிகரித்ததாக 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பல் வைத்தியர்கள் சொன்னதையும் இப்படித்தான் வாசிக்கவேண்டும். அது அவர்கள் கண்டதன் பதிவு. காரணத்தின் நிரூபணம் அல்ல.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். மனநோய்க்கான மருந்தே பல்லைக் கடிக்க வைக்கலாம். புளுவொக்செற்றின், சேட்றலின் போன்ற, இன்று மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மனச்சோர்வு மருந்துகளால் இரவில் பல்லைக் கடிக்கத் தொடங்கிய நாலு நோயாளரைப் பற்றி 1993இலேயே ஒரு மருத்துவச் சஞ்சிகையில் அறிக்கை வந்தது. பின்னர் வென்லவாக்சின் உட்பட வேறு மருந்துகளுக்கும் அப்படியான அறிக்கைகள் சேர்ந்தன. எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால், பெரும்பாலும் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களுக்குள் வரும். இதை அறியாதவர் என்ன செய்கிறார்? ஒரு வழி, தாடை நோவைத் தன் நோய் முற்றியதற்கு அடையாளமாக எடுத்துப் பயப்படுகிறார். வைத்தியரும் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். இன்னொரு வழி, மருந்துதான் காரணம் என்று யாரோ சொல்லக் கேட்டு, அன்றே நிறுத்திவிடுகிறார். பிந்தியது ஆபத்தானது. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் நித்திரையின்மையும் வரும். விட்டுப்போன சோர்வு பலத்தோடு திரும்பி வரக்கூடும். அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ, பஸ்பிறோன் என்ற மருந்தைச் சேர்க்கவோ எழுதிக் கொடுத்த வைத்தியருக்கு வழிகள் உண்டு. அவரிடம் பல்லைப் பற்றியும் சொல்லவேண்டும் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை.

தோன்றாததற்கு நோயாளி மட்டும் காரணமல்ல. 1840இல் பல்ற்றிமோரில் உலகின் முதற் பல் வைத்தியக் கல்லூரி மருத்துவக் கல்லூரியிலிருந்து தனியாகத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த நாட்டில் வாய் ஒரு தொழில், மற்றைய உடம்பு இன்னொரு தொழில். காப்புறுதியும் அப்படியே இரண்டாகக் கிடக்கிறது. தாடை நோவென்று போனால் இது பல் சம்பந்தப்பட்டது என்று மருத்துவக் காப்புறுதி கைவிரிக்கும். பல் காப்புறுதியோ இது மூட்டு சம்பந்தப்பட்டது என்று திருப்பி அனுப்பும்.

சிகிச்சை என்று விற்கப்படுவதில் எதை நம்புவது? இரவில் பல்லுக்கு அணியும் பிளாஸ்ரிக் காப்பு பல்லைக் காக்கிறது; கடிப்பை நிறுத்துவதில்லை. அது நித்திரைப் பற்கடிப்பைக் குணப்படுத்துகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2007இல் கொக்றேன் மீளாய்வு முடிவு சொன்னது. பல் தேயாமல் இருப்பதே பெரிய லாபம் என்பதால், கட்டுப்படியானால் வாங்கலாம். தாடைத் தசைக்குள் பொற்றொக்ஸ் ஊசி ஏற்றுவது கடியின் பலத்தைச் சில மாதங்களுக்குக் குறைக்கும், காரணத்தைத் தொடாது. பல்லை அராவுதல், மூட்டில் சத்திரசிகிச்சை போன்ற திரும்பிப் போகமுடியாத வழிகளுக்கு அவசரப்படக்கூடாது. 1980களில் ரெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்ரனிலிருந்த வைற்றெக் என்ற கொம்பனியின் செயற்கைத் தாடை மூட்டுத் தகடுகள் ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தப்பட்டு, உள்ளே சிதைந்து எலும்பையும் அரித்தன. 1990–91இல் அரசு தலையிட்டுத் திருப்பி எடுக்கவைத்தபோது கொம்பனி வங்குரோத்தாகியிருந்தது.

பகற்கடிப்புக்கு மலிவான ஒரு வைத்தியம் உண்டு: உதடு சேரட்டும், பல் விலகட்டும். நாடகாசிரியர் ரெறன்ஸ் மக்னலி 1991இல் எழுதிய ஒரு நாடகத்தின் தலைப்பே இந்தப் பல் வைத்திய அறிவுரைதான். கணினித் திரையின் ஓரத்திலும் காரின் கண்ணாடியிலும் ஒரு சிறு புள்ளியை ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவது. இரண்டு மூன்று வாரத்தில் எந்த நேரத்தில், எந்த ஆளோடு கதைக்கும்போது, எந்தக் கடிதத்தைத் திறக்கும்போது பல் சேர்கிறது என்பது தெரியவரும். அந்தக் குறிப்பு மனநல வைத்தியருக்கும் உதவும். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல வராதவருக்கு, 'குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் வந்தால் என் தாடை பூட்டிக்கொள்கிறது' என்று சொல்ல வரும்.

இனி, சித்திரவதைக்கு உட்பட்டவர்கள். முகத்திலும் வாயிலும் அடிபட்டவர்களும் பல் இழந்தவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல் வைத்தியரின் கதிரையே ஒரு விசாரணை அறை. மல்லாந்து படுக்கவேண்டும், முகத்துக்கு நேரே வெளிச்சம், கையுறை போட்ட கைகள் வாய்க்குள், பேசமுடியாது. தவணைக்கு வராமல் விடுவதை வரவேற்பு மேசை அக்கறையின்மை என்று பதிந்துகொள்ளும். உண்மையில் பல வைத்தியர்கள் கேட்டால் மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள். கதிரையை நிமிர்த்தி வைத்தே பார்க்கலாம். ஆயுதத்தை முதலில் கையில் தந்து காட்டலாம். கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டு தொடங்கலாம். கதவைத் திறந்து வைத்து, கூட வந்தவரை உள்ளே இருக்கவிடலாம். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் கதைத்துவிட்டு மட்டும் அனுப்பலாம். என்ன நடந்தது என்ற விபரம் எதையும் சொல்லவேண்டியதில்லை; 'படுத்திருந்தால் எனக்குத் தாங்காது' என்ற ஒரு வசனம் போதும். ஆங்கிலம் வராதவருக்காக அந்த வசனத்தைத் தொலைபேசியில் தவணை எடுக்கும்போதே சொல்லிவைப்பது, கூடப் போகிறவரின் வேலை.